கட்டில் அளவுக்கு ரேடியோப் பத்திரிகைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியவற்றில் நீளமானது, தெருவிளக்கு எரியவில்லை என்று எங்கள் தெருக்காரர்கள் சார்பில் எழுதிய ஒரு மனு. அதையும் பக்கத்து வீட்டு மாமா எழுதியதாகத்தான் தெருவில் பேச்சு. நானும் அப்படியே விட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு வாயே வராது. அதனால் இதைப் படிக்கிறவர் ஒரே ஒருவர்தான், அவர் எனக்குத் தெரிந்தவர், காப்பி டம்ளரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அகலம் கிடையாது, ரயில் பெட்டி மாதிரி நீளம்தான். படுக்கிற அறை மாடியில். படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். இன்னும் இரண்டு மாதத்துக்கு மாடிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை கால் பிசகினால் தகடு நிற்காதாம்.

கீழே கட்டில் போடக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. கூடத்தை ஒட்டிய சின்ன அறை. அந்த அறையில்தான் என் பத்திரிகைகள் இருந்தன.

வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, அவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"கீழ் ரூம காலி பண்ணிடறேங்க."

"எதுக்கு?"

"கட்டில் போட வேணாமா?"

"அங்க உன் புஸ்தகம்ல இருக்கு."

"அதத்தான் போட்டுடப் போறேன்."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் தொடாத. நான் மேல ஏறிக்கறேன். உக்காந்து உக்காந்து ஏறினா ஏறிடலாம், சின்னப் புள்ளைங்க ஏறுற மாதிரி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டருக்கு உன் புஸ்தகத்தப் பத்தி என்ன தெரியும்?"

இந்த மனிதரை எனக்குத் தெரியும். சொன்னால் செய்வார். நான் கூடத்தில் தரையில் மெத்தையைப் போட்டு வைத்தால், முதுகு வலிக்கிறது என்று ஒரு நாள் பார்ப்பார், மறுநாள் நான் கடைக்குப் போன நேரத்தில் படியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே மேலே போய்விடுவார். பிறகு அங்கிருந்து "காப்பி கொண்டா" என்று குரல் வரும். அவர் ஏறாமல் இருக்க ஒரே வழி, அவர் வரும்போது கீழ் அறையில் கட்டில் விரித்து, தலையணை போட்டுத் தயாராக இருக்க வேண்டும். பேச்சுக்கு இடமே இருக்கக் கூடாது. மறுநாள் காலை ஆம்புலன்ஸ். கையில் இருந்தது அந்த ஒரு பகல்.

வாடகைக்குக் கட்டில் கொடுக்கிற கடையில் அளவு கேட்டுக்கொண்டு வந்தேன். தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் சாதாரணக் கட்டிலைவிடப் பெரியது. சுற்றி, அவர் பிடித்து நடக்கிற வாக்கர் போக இடம் வேண்டும். கோலமாவை எடுத்து அறைத் தரையில் கட்டிலை வரைந்தேன். மூன்று பக்கம் கோடு போட முடிந்தது. நான்காவது பக்கம் பத்திரிகை அடுக்குக்கு உள்ளே போய்விட்டது. மாவை மூடி வைத்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டேன்.

என்ன பத்திரிகை என்று கேட்பீர்கள். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், காலிங் பெல், இதையெல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக மாதம் ஒருமுறை தமிழில் வந்த பத்திரிகை. பக்கத்துக்குப் பக்கம் சர்க்கியூட் படம், எந்தச் சாமானை எந்த வயரில் சேர்ப்பது என்று காட்டுகிற கோட்டுப் படம். நடுவில் வாசகர் கேள்வி பதில். பின் அட்டையில் ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் விளம்பரம். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட இதழ்கள் என்னிடம் இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவற்றை இவருடையது என்றே நினைப்பார்கள். நானும் திருத்த மாட்டேன். தெருவிளக்கு மனு மாதிரிதான்.

திருத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. இதற்கு முன்னும் இந்தப் பத்திரிகைகளைக் கழிக்கப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தோற்றது இந்தத் திருத்தத்தால்தான். அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். சென்ற இதழில் இன்ன படத்தில் இன்ன மதிப்பைத் தவறாகப் போட்டுவிட்டோம், இப்படி மாற்றிக்கொள்ளவும் என்று. ஆக, படம் ஒரு இதழில், அதன் திருத்தம் அடுத்த இதழில். சில சமயம் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் அதற்கடுத்த இதழில். நல்லதாக நாலு இதழை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று உட்காருவேன். இதை எடுத்தால் அடுத்ததும் வேண்டும், அடுத்ததை எடுத்தால் அதில் இருக்கிற படத்துக்கு அதற்கடுத்ததும் வேண்டும். சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் பார்த்தால் எல்லாம் பழையபடி சுவரோரம் நிற்கும். தூசி தட்டியது மட்டும் லாபம்.

சென்னையில் இருக்கிற மகளிடம் ஃபோனில் சொன்னேன். "ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டுத் தூக்கிப் போடும்மா. ரொம்ப சிம்பிள்" என்றாள். ஃபோட்டோ எடுக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறந்தால் அவ்வளவுதான். அதனால் இந்த முறை ஒரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். எந்த இதழின் அட்டையையும் திறப்பதில்லை.

முதல் அடுக்கைத் தூக்கினேன். கண்ணை மூடலாம், அட்டையைத் திறக்காமல் இருக்கலாம், மூக்கை என்ன செய்வது? பழைய காகித வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ஈயத்தோடு வைத்து உருக்குகிற பேஸ்டின் வாசனை. குங்கிலியம் கருகினது போல, லேசாகத் தொண்டையைப் பிடிக்கும். அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நடையில் நின்றேன். நின்ற இடம் ஸ்ரீரங்கம், ஆனால் பாலக்கரையில் நிற்பது போலிருந்தது.

பாலக்கரையில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். பத்தாவது முடித்ததும் அப்பா என்னை வீட்டுக்கு மூன்று சந்து தள்ளி இருந்த மஜீத் பாய் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ரேடியோ உதிரிபாகக் கடை. அகலம் ஒரு கதவு அளவு. உள்ளே சுவர் முழுவதும் சின்னச் சின்ன இழுப்பறைகள். அதிகம் பேசாத பெண்ணுக்கு ஏற்ற வேலை என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். உட்கார்ந்து, மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர்களைப் பிரித்துப் போட வேண்டும். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், மேலே நிற வளையங்கள். வளையத்தின் நிறத்தை வைத்து மதிப்பைப் படிக்க வேண்டும். ஒரு மாதத்தில் கண் பழகிவிட்டது. பழகினது போகவும் இல்லை. இன்றைக்கும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்று வரிசையாக வளையல் போட்டிருந்தால் என் மனசு நாற்பத்தேழு கிலோ ஓம் என்று சொல்லிவிடும். யாரிடம் போய் இதைச் சொல்வது?

அந்தப் பத்திரிகை கடைக்குத் தபாலில் வரும். பாய் அதை வாங்கியது படிப்பதற்கு இல்லை, வியாபாரத்துக்கு. இந்த மாதம் அதில் என்ன படம் வருகிறதோ, அதற்கு வேண்டிய சாமான்களைத்தான் ஊரில் பொழுதுபோக்குக்கு ரேடியோ செய்கிற அத்தனை பேரும் ஒரே வாரத்தில் வந்து கேட்பார்கள். இருந்தால் வியாபாரம், இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்கு. பாய்க்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாது. தபால் உறையைக் கிழித்து என் மடியில் போடுவார்.

"பாப்பா, இந்த மாசம் ஜனங்க எதைக் கேட்டு வருவாங்கன்னு பாத்துச் சொல்லு."

நான் படித்துப் பார்த்துச் சொல்வேன். அன்று சாயங்காலமே மெட்ராஸுக்கு ஆள் போகும். முதலில் சாமான் பெயருக்காக மட்டும் படித்தேன். பிறகு ஏன் இந்தச் சாமான் இந்த இடத்தில் என்று படிக்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். மாதம் முடிந்ததும் பழைய இதழை பாய் என்னையே எடுத்துப் போகச் சொல்லிவிடுவார். அப்படிச் சேர்ந்தவைதான் இவை.

ஒரு மாதம் மழை மணி வந்தது. தண்ணீர் பட்டால் மணி அடிக்கிற சின்னத் தகடு. மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டிருக்கும்போது மழை வந்தால் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். என்ன விற்பனை தெரியுமா! ஊரே மழை மணி செய்தது. ஆனால் மாடி வரைக்கும் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, நிறையப் பேர் தகட்டை வாசலிலேயே மாட்டிவிட்டார்கள். விடிந்ததும் வாசல் தெளிப்பார்களே, அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, மகன் செய்த மணியைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"கார்த்தால வாசல் தெளிச்சாலே கத்தறது. பெருமாள் சேவிக்கப் போறவா எல்லாம் நின்னு எங்காத்தையே பாக்கறா. இத என்னன்னு கேக்க ஆளே இல்லையா?"

"மழைத் தண்ணி, வாளித் தண்ணின்னு அதுக்கு வித்தியாசம் தெரியாதுங்கம்மா" என்றார் பாய், ரொம்பப் பணிவாக.

"அதுக்குத் தெரியாது சரி. பண்ணினவனுக்குமா தெரியாது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் ரெசிஸ்டர்களைப் பார்த்தேன்.

இப்படி நினைத்துக்கொண்டே நடைக்கும் அறைக்குமாக நடந்ததில் பாதிச் சுவர் தெரிய ஆரம்பித்துவிட்டது. சுவரில் பத்திரிகை நின்ற இடம் மட்டும் பழைய சுண்ணாம்பின் நிறத்தில் இருந்தது. நாங்கள் எத்தனையோ முறை வெள்ளையடித்திருக்கிறோம். அந்த அடுக்கை மட்டும் யாரும் நகர்த்தி அடிக்கவில்லை.

அடுத்தது தகரப் பெட்டி. கல்யாணமாகி நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது என்னோடு வந்த பெட்டி. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார்கள். மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "வெண்கலமா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திறந்து பார்த்தவர் ஒரு இதழை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, மகனைக் கூப்பிட்டார். "ஏண்டா, கல்யாணத்துக்கு முன்னாடியே உன் குப்பையெல்லாம் அங்க கொண்டுபோய்ப் போட்டு வச்சிருந்தியா?" இவர் என்னைப் பார்த்தார். பிறகு "ஆமாம்மா" என்றார். அன்றிலிருந்து இவை அவருடையவை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன வார்த்தை. காப்பாற்றவும் செய்தது.

அவர் எப்படி அந்தக் கடைக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு ஈயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்திரிகை கிடைக்காதவர்கள் பாய் கடைக்கு வந்து, எங்கள் பிரதியின் படத்தின் மேல் மெல்லிய பட்டர் பேப்பரை விரித்துப் பேனாவால் அப்படியே பிரதியெடுத்துக்கொள்வார்கள். பாய் தடுக்க மாட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். இங்கே வரைந்தவன் சாமானையும் இங்கேதான் வாங்குவான் என்பது அவர் கணக்கு.

சர்க்கியூட் படத்தில் ஒரு விஷயம் உண்டு. இரண்டு கோடுகள் குறுக்கே போகும். குறுக்கிடுகிற இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் இரண்டு வயரையும் சேர்த்து ஒட்ட வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் ஒன்று மற்றதைத் தொடாமல் தாண்டிப் போகிறது என்று அர்த்தம், ரயில் பாதைக்கு மேலே பாலம் போகிற மாதிரி. ஒரு வருஷம் சித்திரை பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆம்ப்ளிஃபையர் படம் வந்தது. சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காக வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுகிற காலம். மைக் வைக்க ஆசைப்படாத பந்தல் உண்டா? ஸ்டூல் காலியாகவே இல்லை. ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்கார்ந்து வரைந்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். செய்த ஆம்ப்ளிஃபையர் அத்தனையும் ஊளையிட்டது.

"பாய், நீங்க குடுத்த ஐசி சிப்பு டூப்ளிகேட்."

"என் கடையிலயா? டூப்ளிகேட்டா?" பாய் காதைப் பொத்திக்கொள்வார். மாற்றிக் கொடுப்பார். மாற்றினதும் ஊளையிடும். சொந்தமாகப் பத்திரிகை வாங்கிப் பார்த்துச் செய்தவர்களுக்கு மட்டும் நன்றாகப் பாடியது. அவர்களில் சிலர் பக்கத்துக் கடையில் சாமான் வாங்கியவர்கள். விடுவார்களா? பாய் கடைச் சரக்கு ஊளையிடும் என்று பாலக்கரை முழுக்கப் பேச்சாகிவிட்டது. பாய் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாணயமான மனிதர். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நானும் எல்லாச் சாமானையும் மறுபடி மறுபடி நிறம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் இவர் வந்தார். ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக வரவில்லை. வேடிக்கையாக வந்தார்.

"பந்தல்ல வச்சு ஆன் பண்ணேங்க பாய். ஒரு ஊளை. மஞ்சச் சேலை கட்டி நடந்து வந்த கூட்டம் அப்படியே நின்னுடுச்சு. ஒரு அம்மா கேக்குது, 'தம்பி, மோர் குடிக்கக் கூப்பிடறியா, வெரட்டறியா?'ன்னு."

நான் சிரித்துவிட்டேன். வாடிக்கையாளர் முன்னால் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

"சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிக்கறதுக்காவது ஆச்சு" என்றார்.

அவர் வரைந்த பட்டர் பேப்பரை எடுத்து எங்கள் பத்திரிகைப் படத்தின் மேலேயே விரித்தார். கோட்டுக்குக் கோடு, புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. "இதுல என்ன தப்புங்க?" என்றார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பாய், பேப்பரை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் கோடுகளைத் தொடர்ந்தார். நகம் ஒரு புள்ளியில் தடுக்கியது. சுரண்டினார். புள்ளி உதிர்ந்து விழுந்தது.

பாய் அதை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஈ" என்றார் பாய். "அல்லாஹ்வே, இது ஈ எச்சம்!"

வெளியே போகிற கோடு, உள்ளே வருகிற கோட்டைத் தாண்டிப் போகிற இடம் அது. சரியாக அங்கே உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது ஒரு ஈ. ஸ்டூலில் உட்கார்ந்த அத்தனை பேரும் அதைப் பக்தியோடு கறுப்பு மையால் பிரதியெடுத்து, வீட்டுக்குப் போய், அந்த இடத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். போன சத்தமே திரும்பி உள்ளே வந்தால் ஊளையிடாமல் என்ன செய்யும்?

பாய் கல்லாவில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "படிச்சவன், படிக்காதவன் ஒருத்தன் கேள்வி கேக்கலியே! ஈ சொல்லுச்சு, எல்லாரும் கேட்டீங்க!" வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரிலும் அந்த ஒரு வயரை வெட்டிக் கொடுத்தோம். அதற்கு அப்புறமும் இவர் ஏதாவது சாமான் வாங்க வந்துகொண்டேயிருந்தார். அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்த செய்தியை அப்பா கடைக்கு வந்து சொன்னபோது, "அந்த ஈய நான் சும்மா திட்டிட்டேன்" என்றார் பாய்.

மறுபடி அப்படி நேராமலிருக்க பாய் ஒரு வேலை செய்தார். அவர் வீட்டு அம்மாவுக்குக் கால் பிசகியபோது எடுத்த எக்ஸ்ரே ஒன்று இருந்தது. அதை வெந்நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைத்துத் தேய்த்தால் கறுப்பெல்லாம் போய், லேசான நீலத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மாதாமாதம் பத்திரிகை வந்ததும் முதல் வேலையாக அந்தத் தாளைப் படத்தின் மேல் வைத்துக் கிளிப் போடுவேன். வரைகிறவர்கள் அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து வரைவார்கள். "ஈ உக்காந்தா என் பொண்டாட்டி கால் மேலதான் உக்காரணும்" என்பார் பாய்.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் காவிரிப் பாலம் தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். கடை மூடும் வரைக்கும் போனேன்.

மதியம் தாண்டிப் பழைய பேப்பர்காரர் செல்வம் தள்ளுவண்டியோடு வந்தார். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிறவர். நடையில் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னக்கா, லைப்ரரியவே காலி பண்றீங்க? சார் ரேடியோ ரிப்பேரா?"

எப்போதும் போல "ஆமாம்" என்று வாய் வரைக்கும் வந்தது. "இல்லப்பா. நான்தான் படிச்சது" என்றேன்.

"நீங்களா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எங்க வீட்டு மிக்ஸிய ஒரு தடவ பாக்கறீங்களாக்கா? ஆன் பண்ணா ஷாக் அடிக்குது."

"மிக்ஸி எனக்குத் தெரியாது. அதத் தொடாதன்னு மட்டும் வீட்டுல சொல்லு."

சணல் கயிற்றால் கட்டிக் கட்டித் தராசில் வைக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, நல்ல மனதோடுதான், "நாலு நல்லதா எடுத்து வச்சுக்குங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க. நாளைக்கு மனசு கேக்கும்" என்றார்.

"வேணாம். ஒண்ணு எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும்."

அவருக்குப் புரிந்திருக்காது. ஈ உட்கார்ந்த இதழும் அந்தக் கட்டுகளில் எங்கோதான் இருந்தது. பாய் நகத்தால் சுரண்டிய இடத்தில் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை மாதிரி தெரியும். எந்த வருஷம், எந்த அட்டை என்று எனக்குத் தெரியும். தேடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால்கூட நான் அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை.

கடைசிக் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செல்வம் அதைப் பிடித்து இழுத்தார். இதழ் விரிந்துகொண்டது. நான் திறக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"எக்ஸ்ரே இருக்குக்கா உள்ள. பேப்பரோட இதப் போட்டா பேப்பர் மில்லுல எடுக்க மாட்டான்." வெயிலில் தூக்கிப் பிடித்தார். "எக்ஸ்ரேன்னா நாங்க தனியா எடுப்போம், அதுல வெள்ளி இருக்கும். இது கழுவினதாட்டம் இருக்கே. இதுல ஒண்ணும் கெடைக்காது. நீங்களே வச்சுக்குங்க." என் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றை இறுக்கினார்.

கடைக்கு வந்த கடைசி இதழோடு நான் எடுத்து வந்து மறந்துபோன தாள். செல்வம் மாதிரியே நானும் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் வெறும் நீலம். கொஞ்சம் சாய்த்தால் கோடுகள் தெரிந்தன. மாதாமாதம், வருஷா வருஷம், அதன்மேல் பேப்பரை விரித்து அழுத்தி வரைந்தவர்களின் பேனாத் தடங்கள். காலிங் பெல்லும், மழை மணியும், பாக்கெட் ரேடியோவும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. எந்தப் படம் எது என்று பிரிக்க முடியவில்லை. எந்தக் கை எது என்றும் தெரியவில்லை. அழுத்தி வரைந்த கை இருந்தது, பயந்து பயந்து வரைந்த கை இருந்தது. ரைஸ் மில்காரர் ஒருவரின் கையும் அதில் இருக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமாகும் வரை அவர் மாதம் தவறாமல் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தார். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் செய்து பார்க்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வண்டி தெரு முனை திரும்பியது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். பசிதான் வந்தது. சாப்பிடவில்லை, முதலில் அறைக்குப் போய்ப் பத்திரிகை இருந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் கோலமாவை எடுத்துக் கட்டிலின் நான்காவது பக்கத்தை வரைந்து முடித்தேன். வாக்கர் போக இடம் இருந்தது. கதவும் முழுசாகத் திறந்தது.

போன மாதம் பாலக்கரைப் பக்கம் போனபோது பார்த்தேன். கடை இருந்த இடத்தில் செல்ஃபோனுக்கு உறை விற்கிறார்கள். சுவர் முழுக்கத் தொங்குகிறது. இழுப்பறைகள் இல்லை, ஸ்டூலும் இல்லை. பாய் மகனோடு துபாய் போய் அங்கேயே காலமாகிவிட்டார். பத்திரிகை எப்போது நின்றது என்றே எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒரு மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை, அவ்வளவுதான். கடைசி இதழில் இருந்த தவறுகளுக்குத் திருத்தம் வரவே இல்லை. நீர்மோர்ப் பந்தல்கள் இப்போதும் உண்டு. சீனாவில் செய்த ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், அது ஊளையிடுவதில்லை. எங்கள் தெருவில் வாசல் தெளித்தால் எங்கேயும் மணி அடிப்பதில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆள் கடைக்குள் வந்து, ஒன்றும் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கோடு வரைவதை நான் எத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குப் பேச வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அந்த மாதிரி ஒரு மணி நேரம் இப்போது எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் காலை கட்டில் வந்தது. கோட்டுக்குள் சரியாக நின்றது. அவரை அழைத்து வந்தார்கள். வெறும் சுவரைப் பார்த்தார். பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டார். மாத்திரை வைக்கிற ஸ்டூலின் மேல் அந்த நீலத் தாளை விரித்திருக்கிறேன். டம்ளர் வைத்தால் தண்ணீர் ஸ்டூலில் இறங்குவதில்லை.